‘சேமித்தாயிற்று’ என்று எப்போது சொல்லலாம்?

சில ஆண்டுகளுக்கு முன், வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் நொடிக்கொரு முறை பதிவு செய்யும் ஒரு சிறிய கருவிக்கு நிரல் எழுதினேன். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கணினி, அதில் ஓர் எஸ்டி அட்டை, அட்டையில் ஓர் எஸ்கியூலைட் கோப்பு (முழுத் தரவுத்தளத்தையும் ஒரே கோப்பில் வைத்திருக்கும் சிறு மென்பொருள் எஸ்கியூலைட்), அவ்வளவுதான் அமைப்பு. பன்னிரண்டு உணரிகள் இருந்ததால் ஒரு பதிவுக்கு ஒரு வரிசை என நொடிக்குப் பன்னிரண்டு வரிசைகளை எழுத வேண்டியிருந்தது, அதற்கே அட்டை திணறியது. தேடிப் பார்த்தபோது, ‘பிராக்மா சிங்க்ரனஸ்’ என்ற அமைப்பை ‘ஆஃப்’ என்று மாற்றினால் வேகம் கூடும் எனப் பலரும் எழுதியிருந்தார்கள். மாற்றினேன், கூடியது. மூன்று மாதங்கள் ஒரு குறையுமின்றி ஓடியது. பிறகு ஒரு நாள் மின்சாரம் போய்த் திரும்பியபோது, ‘டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்டு’ என்ற ஒற்றை வரியைச் சொல்லிவிட்டு நிரல் நின்றுகொண்டது. தரவுத்தளக் கோப்பே சிதைந்துவிட்டது என்று பொருள். கடைசி நிமிடத்துப் பதிவுகள் மட்டும் போயிருந்தால் நான் கவனித்திருக்கவே மாட்டேன். மீட்புக் கருவியைக் கொண்டு ஒரு பகுதியைத் திரும்ப எடுத்தேன் என்றாலும், எந்த வரிசையை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிரித்தறிய வழியில்லாததால் மூன்று மாதப் பதிவும் பயனற்றதாகவே ஆயிற்று.

அந்த இழப்புக்குப் பிறகுதான், வேகத்துக்கு நான் கொடுத்த விலை என்ன என்பதையே முன்பு கேட்டுக்கொள்ளவில்லை என்பது உறைத்தது. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்தான். இருந்தாலும் அப்போது படித்தவற்றையும் சோதித்துப் பார்த்தவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், எழுதுவது ஏன் மெதுவாக இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு நிரல் கோப்பில் எழுதும்போது அந்த எழுத்து நேரே வட்டுக்குப் போவதில்லை. இயங்குதளம் அதைத் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு உடனே ‘ஆயிற்று’ என்று சொல்லிவிடுகிறது. பிறகு தனக்கு வசதிப்பட்ட நேரத்தில், தனக்கு வசதிப்பட்ட வரிசையில் வட்டுக்கு அனுப்புகிறது. லினக்ஸின் இயல்பமைப்பில், மாற்றப்பட்டு 30 நொடிகளைக் கடந்த பக்கங்களே, அதாவது நினைவகத் துண்டுகளே, வட்டுக்கு அனுப்பும் காலம் முதிர்ந்தவையாகக் கருதப்படுகின்றன. அதுவரை காத்திருக்க முடியாது, இப்போதே வட்டில் பதித்துவிட்டுத் திரும்பி வா என்று கட்டளையிடுவதற்கான அழைப்புதான் எஃப்சிங்க். எழுதுவது மலிவு, எஃப்சிங்க்தான் விலை உயர்ந்தது. சுழலும் வட்டில் இந்த விலையை எண்ணிக்கையாகவே சொல்லிவிடலாம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டு நொடிக்கு 120 முறை சுழலும். ஒரு பரிவர்த்தனை (ஒன்று முழுதாக நடக்கும், இல்லையேல் நடக்கவே நடக்காத எழுத்துத் தொகுதி) முடிய இரண்டு முழுச் சுற்றுகள் தேவைப்படும் என்பதால் நொடிக்கு ஏறத்தாழ 60 பரிவர்த்தனைகள்தான் இயலும் என்று எஸ்கியூலைட்டின் ஆவணமே கணக்குச் சொல்கிறது. அதே ஆவணம், அதே மென்பொருள் ஒரு சாதாரண மேசைக் கணினியில் நொடிக்கு 50,000 வரிசைகளுக்கு மேல் செருகும் என்றும் சொல்கிறது. 60 எங்கே, 50,000 எங்கே! இரண்டும் உண்மைதான், ஏனெனில் முதலாவது பரிவர்த்தனைகளின் எண்ணிக்கை, இரண்டாவது வரிசைகளின் எண்ணிக்கை.

என் கருவியில் நான் செய்த முதல் பிழை இங்கேதான் இருந்தது. பரிவர்த்தனை இன்ன இடத்தில் தொடங்கி இன்ன இடத்தில் முடிகிறது என்று நாம் சொல்லாவிட்டால், எஸ்கியூலைட் ஒவ்வொரு செருகலையும் தனிப் பரிவர்த்தனையாகக் கருதி, ஒவ்வொன்றுக்கும் எஃப்சிங்க்கின் முழு விலையையும் வாங்கிவிடும். பன்னிரண்டு உணரிகளின் பதிவுகளை ஒரு ‘பிகின்’, ஒரு ‘கமிட்’ ஆகியவற்றுக்கு நடுவே வைத்திருந்தால் நொடிக்குப் பன்னிரண்டு பரிவர்த்தனைகளுக்குப் பதில் ஒன்றே நடந்திருக்கும். பாதுகாப்பில் இம்மியும் விட்டுக்கொடுக்காமல் அட்டையின் திணறல் தீர்ந்திருக்கும். அதைச் செய்யாமல் நேரே பாதுகாப்பை அணைத்துவைத்தேன். இப்போது யாராவது எழுத்து வேகம் போதவில்லை என்று சொன்னால், எந்த அமைப்பையும் பற்றிப் பேசுவதற்கு முன், பரிவர்த்தனையின் எல்லை எங்கே இருக்கிறது என்றுதான் கேட்கிறேன். பெரும்பாலும் பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது.

முடியாத இடங்களும் உண்டு. ஒவ்வொரு பதிவும் வந்தவுடனேயே மற்ற நிரல்களின் கண்ணில் பட வேண்டும் என்றால் தொகுத்து எழுதிக்கொண்டிருக்க முடியாது. அங்கேதான் விட்டுக்கொடுப்பதைப் பற்றிய பேச்சு தொடங்குகிறது. அப்போது இரண்டு இழப்புகளை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளக்கூடாது. ‘எழுதிவிட்டேன்’ என்று தரவுத்தளம் சொன்ன கடைசிச் சில பரிவர்த்தனைகள் மின்தடைக்குப் பிறகு காணாமல் போவது ஓர் இழப்பு. கோப்பின் உள்ளமைப்பே சிதைந்து, பழைய பதிவுகளையும் படிக்க முடியாமல் போவது மற்றொன்று. முதலாவதில் நீடிப்பு போகிறது, இரண்டாவதில் முழுமை போகிறது. என் கருத்தில், நீடிப்பை அளந்து விற்கலாம்; முழுமையை, கோப்பையே திரும்ப உருவாக்கிக்கொள்ள முடிகிற இடத்தைத் தவிர வேறெங்கும் விற்கக்கூடாது. பெரிய சிஎஸ்வி கோப்பொன்றிலிருந்து தரவுத்தளத்தைப் புதிதாகக் கட்டும்போது ‘ஆஃப்’ வைத்துக்கொள்வதில் தவறில்லை; நடுவில் மின்சாரம் போனால் கோப்பை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். மூன்று மாதங்களாக வளர்ந்துவரும் கோப்பை அப்படித் தொடங்க முடியாது.

‘ஆஃப்’ வைத்தால் கோப்பு ஏன் சிதைகிறது? எஸ்கியூலைட் தன் கோப்பைப் பக்கங்கள் என்ற சம அளவுத் துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதன் பழைய முறையில், ஒரு பக்கத்தை மாற்றுவதற்கு முன் அதன் பழைய வடிவம் ஜர்னல் என்ற தனிக்கோப்பில் எழுதப்படும். ஜர்னல் வட்டில் பதிந்தது உறுதியான பிறகே மூலக்கோப்பில் கைவைக்கப்படும். மூலக்கோப்பும் பதிந்த பிறகே ஜர்னல் நீக்கப்படும். நடுவில் எங்கே மின்சாரம் போனாலும், ஜர்னலில் இருக்கும் பழைய பக்கங்களைக் கொண்டு கோப்பை முந்தைய நிலைக்குத் திருப்பிவிடலாம். இந்த ஏற்பாட்டின் உயிர் முழுவதும் ‘முதலில் இது, பிறகு அது’ என்ற வரிசையில்தான் இருக்கிறது. அந்த வரிசையைக் காப்பவை இடையிடையே வரும் எஃப்சிங்க் அழைப்புகள். ‘ஆஃப்’ என்பது அவற்றை எடுத்துவிடுவதுதான். எடுத்துவிட்டால், மூலக்கோப்பின் பாதிப் பக்கங்கள் வட்டுக்குப் போய், ஜர்னல் இன்னும் நினைவகத்திலேயே இருக்கும் நிலை வரலாம். அந்தக் கணத்தில் மின்சாரம் போனால் திரும்பிப் போக வழியிருக்காது.

இதில் ஒரு மயக்கமும் உண்டு. நிரல் மட்டும் இடையில் செத்தால் ‘ஆஃப்’ நிலையிலும் ஒன்றும் ஆகாது, ஏனெனில் எழுதியவை இயங்குதளத்தின் கையில் பத்திரமாக இருக்கின்றன. நான் என் கருவியைச் சோதித்தபோது நிரலைப் பலமுறை ‘கில்’ கட்டளையால் கொன்றுபார்த்து, கோப்பு நலமாக இருப்பதைக் கண்டு மகிழ்ந்தேன். அந்தச் சோதனை எதையும் சோதிக்கவில்லை. இயங்குதளம் விழும்போதும் மின்சாரம் போகும்போதும்தான் எஃப்சிங்க்கின் அருமை தெரியும்.

நல்ல வேளையாக, விட்டுக்கொடுப்பதற்கு வேறொரு கண்ணியமான வழி 2010ஆம் ஆண்டு முதல், அதாவது எஸ்கியூலைட் 3.7.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது. மாற்றங்களை முதலில் தனிக்கோப்பின் இறுதியில் சேர்த்துக்கொண்டே போய், பிறகு சாவகாசமாக மூலக்கோப்புக்கு மாற்றும் முறை அது. ‘ரைட்-அஹெட் லாக்’ என்ற அதன் ஆங்கிலப் பெயரின் மூன்று முதலெழுத்துகளைச் சேர்த்து எல்லோரும் ‘வால்’ என்றே சொல்கிறார்கள். தமிழில் இந்தப் பெயர் தற்செயலாக மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது. அந்தக் கோப்பு உண்மையிலேயே மூலக்கோப்பின் பின்னால் தொங்கும் வால்தான். நீளும், சுருங்கும், அறுத்தால் வலிக்கும்.

வால் முறையில் ஒரு கமிட் நடக்கும்போது மூலக்கோப்பு தொடப்படுவதே இல்லை. மாறிய பக்கங்கள் வாலின் நுனியில், ஒவ்வொன்றும் தனக்கான சரிபார்ப்புத் தொகையுடன், அதாவது எழுத்து பிசகியிருந்தால் காட்டிக்கொடுக்கும் எண்ணுடன், சேர்க்கப்படுகின்றன. ‘சிங்க்ரனஸ்’ அமைப்பு ‘ஃபுல்’ என்றிருந்தால் ஒவ்வொரு கமிட்டின்போதும் வாலுக்கு ஓர் எஃப்சிங்க் நடக்கும். ‘நார்மல்’ என்றிருந்தால் கமிட்டின்போது எஃப்சிங்க்கே இல்லை. வால் போதிய அளவு நீண்டதும், இயல்பமைப்பில் 1,000 பக்கங்களைத் தொட்டதும், செக்பாயிண்ட் என்ற வேலை நடக்கிறது: முதலில் வாலுக்கு எஃப்சிங்க், பிறகு பக்கங்களை மூலக்கோப்புக்கு மாற்றுதல், பிறகு மூலக்கோப்புக்கு எஃப்சிங்க், அதன் பின்னரே வாலை முதலிலிருந்து மறுபடி எழுதத் தொடங்குதல். முழுமைக்குத் தேவையான வரிசை இதில் காக்கப்படுவதால், ‘நார்மல்’ நிலையில் மின்சாரம் போனாலும் கோப்பு சிதைவதில்லை. திரும்பத் திறக்கும்போது எஸ்கியூலைட் வாலை முதலிலிருந்து படித்து, சரிபார்ப்புத் தொகை பொருந்தாத முதல் இடத்தில் நின்று, அதற்கு முன் முழுமையாக முடிந்த கடைசிக் கமிட் வரையில் ஏற்றுக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுகிறது. இழப்பது அந்த நுனியை மட்டுமே.

எவ்வளவு நுனி என்பதையும் கணக்கிடலாம். பக்கத்தின் இயல்பான அளவு 4,096 பைட்டுகள். 1,000 பக்கங்கள் என்றால் ஏறத்தாழ 4 எம்பி. ஒரு கமிட் இரண்டு பக்கங்களைச் சேர்க்கிறது, நொடிக்கு ஒரு கமிட் நடக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு செக்பாயிண்ட்டுகளுக்கு நடுவே 500 நொடிகள், அதாவது எட்டு நிமிடங்களுக்குச் சற்று அதிகம். இயங்குதளம் தானாகவே இடையிடையே வட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் என்பதால் நடைமுறையில் இழப்பு இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் எஸ்கியூலைட்டிடம் நாம் உரிமையோடு கேட்கக்கூடிய உறுதி செக்பாயிண்ட் வரைக்கும்தான். வெப்பநிலைப் பதிவில் எட்டு நிமிடம் போவதை என்னால் தாங்க முடியும். ஒருவர் பணம் செலுத்திய பதிவில் எட்டு நிமிடத்தை யாரும் தாங்க மாட்டார்கள்.

வாலுக்கென்று சில தொல்லைகளும் உண்டு. நீண்ட நேரம் திறந்தே இருக்கும் ஒரு வாசிப்புப் பரிவர்த்தனை, தான் பார்த்துக்கொண்டிருக்கும் பழைய காட்சியைப் பிடித்து வைத்திருப்பதால், செக்பாயிண்ட் அதைத் தாண்டிப் போக முடியாமல் வால் நீண்டுகொண்டே போகும். வரைபடம் காட்டும் ஒரு சிறு நிரல் வினவலை மூடாமல் விட்டதால் என் வால்கோப்பு மூலக்கோப்பைவிடப் பெரிதாக வளர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். வால் முறைக்கு எல்லா நிரல்களும் ஒரே கணினியின் நினைவகத்தைப் பகிர வேண்டியிருப்பதால் வலைப்பின்னல் வழியே பகிரப்படும் கோப்புகளில் இது வேலை செய்யாது. எல்லாவற்றையும்விடப் பலர் விழும் குழி, காப்புநகல். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது மூலக்கோப்பை மட்டும் நகலெடுத்தால், வாலில் இருக்கும் பதிவுகள் நகலில் இல்லை; நகலெடுக்கும் நடுவில் செக்பாயிண்ட் நடந்தால் நகலே சிதைந்திருக்கும். எஸ்கியூலைட்டின் பேக்கப் இடைமுகத்தையோ, 2019இல் வந்த ‘வேக்கம் இன்டு’ கட்டளையையோ பயன்படுத்துவதே சரி. நானும் ஓராண்டு மூலக்கோப்பை மட்டுமே நகலெடுத்துக்கொண்டிருந்தேன். நல்லூழ், அந்த நகல் ஒருமுறையும் தேவைப்படவில்லை.

நிரலுக்குள்ளேயே இயங்கும் மற்ற உட்பொதி தரவுத்தளங்களிலும் இதே கேள்விதான், பெயர்கள்தாம் வேறு. 2011இல் கூகுள் வெளியிட்ட லெவல்டிபியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ‘சிங்க்’ என்ற தெரிவு உண்டு. அதன் இயல்பமைப்பு ‘வேண்டாம்’ என்பது. ‘வேண்டாம்’ என்று எழுதுவது பல நேரங்களில் ஆயிரம் மடங்குக்கு மேல் விரைவானது என்று அதன் ஆவணம் சொல்கிறது. எல்எம்டிபி வேறு வழியில் போகிறது: இருக்கும் பக்கத்தை மாற்றாமல் புதிய பக்கத்தில் நகலெழுதி, கடைசியில் தலைப்புப் பக்கத்தை மட்டும் மாற்றுகிறது. அதில் தலைப்புப் பக்கத்துக்கான எஃப்சிங்க்கை மட்டும் விட்டுவிட்டால் கடைசிப் பரிவர்த்தனை போகலாம், கோப்பு போகாது. எல்லா எஃப்சிங்க்கையும் விட்டுவிட்டால் கோப்பே போகலாம். புதிதாக எந்தத் தரவுத்தளத்தை எடுத்தாலும், அதன் ஆவணத்தில் ‘லாஸ்’ என்ற சொல் எங்கே வருகிறது, ‘கரப்ஷன்’ என்ற சொல் எங்கே வருகிறது என்று முதலில் தேடிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. இயல்பமைப்பு பாதுகாப்பானதாகவே இருக்கும் என்று நம்பியிருப்பது கூடாது. எஸ்கியூலைட்டின் இயல்பமைப்பு ‘ஃபுல்’, லெவல்டிபியின் இயல்பமைப்பு அதற்கு நேரெதிர்.

எஃப்சிங்க்கும் முழுக்க நம்பத்தக்கது என்று சொல்ல முடியவில்லை. 2008இல், பயர்பாக்ஸ் 3 வெளிவரும் தறுவாயில், அது தன் வரலாற்றுப் பதிவுகளை எஸ்கியூலைட்டில் எழுதும்போது அழைத்த எஃப்சிங்க், ஈஎக்ஸ்டி3 கோப்பு முறைமையில் மற்ற நிரல்கள் எழுதி வைத்தவற்றையும் சேர்த்து வட்டுக்குத் தள்ள வேண்டியிருந்ததால், கணினியே நொடிக்கணக்கில் உறைந்து நின்றது. அது வேகத்தின் சிக்கல். மேக் இயங்குதளத்தில் சிக்கல் வேறு: அங்கே எஃப்சிங்க் தரவை வட்டின் வாசல் வரை கொண்டுபோய்விடும், ஆனால் வட்டுக்குள்ளே இருக்கும் தற்காலிக நினைவகத்திலிருந்து நிலையான இடத்துக்கு இறக்கி வைக்கச் சொல்லாது, அதற்குத் தனி அழைப்பு வேண்டும், எஸ்கியூலைட்டில் அதை இயக்க ‘ஃபுல்எஃப்சிங்க்’ என்ற தனி அமைப்பும் உண்டு. 2018இல் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தின் உருவாக்குநர்களுக்குத் தெரியவந்தது இவற்றைவிட அச்சமூட்டுவது. லினக்ஸில் ஓர் எஃப்சிங்க் தோற்றால், எழுதப்படாத பக்கங்கள் எழுதப்பட்டவையாகவே குறிக்கப்பட்டுவிடக்கூடும். மறுபடி எஃப்சிங்க்கை அழைத்தால் வெற்றி என்று பதில் வரும், தரவோ வட்டில் இருக்காது. எஃப்சிங்க் தோற்றால் மறுபடி முயலாமல், தரவுத்தளத்தையே நிறுத்திவிட்டுப் பதிவேட்டிலிருந்து மீளத் தொடங்குமாறு பிறகு போஸ்ட்கிரெஸ் மாற்றப்பட்டது. தோல்விக்குப் பிறகு மீண்டும் முயல்வது நம் கைப்பழக்கம். இந்த ஓர் இடத்தில் அந்தப் பழக்கமே கேடு.

என் கருவியை இப்போது எப்படி வைத்திருக்கிறேன் என்று சொல்கிறேன். ‘சிங்க்ரனஸ்’ அமைப்பு கோப்போடு ஒட்டியதன்று, இணைப்போடு ஒட்டியது. ஆகவே ஒரே கோப்பை வால் முறையில் இரண்டு இணைப்புகளால் திறந்திருக்கிறேன்: உணரிப் பதிவுகளை எழுதும் இணைப்பு ‘நார்மல்’, கருவியின் அமைப்பு மாற்றங்களை எழுதும் இணைப்பு ‘ஃபுல்’. ஒருவர் எச்சரிக்கை வரம்பை மாற்றித் திரையில் ‘சேமித்தாயிற்று’ என்று பார்த்துவிட்டால், அடுத்த கணம் மின்சாரம் போனாலும் அந்த மாற்றம் இருக்க வேண்டும். உணரிப் பதிவுக்கு அப்படி யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. இந்த ஏற்பாட்டில் நான் எதிர்பாராத ஓர் இலாபமும் கிடைத்தது: இரண்டு இணைப்புகளுக்கும் வால் ஒன்றே என்பதால், ‘ஃபுல்’ இணைப்பின் ஒரு கமிட் வாலை எஃப்சிங்க் செய்யும்போது அதற்கு முன் ‘நார்மல்’ இணைப்பு எழுதிய எல்லாமும் சேர்ந்தே பதிந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு நிமிடமும் ‘ஃபுல்’ இணைப்பின் வழியே ஒரு சிறு வரிசையை எழுதுகிறேன். எட்டு நிமிட இழப்பு ஒரு நிமிடமாகச் சுருங்கியது, நிமிடத்துக்கு ஓர் எஃப்சிங்க் என்ற விலைக்கு.

உணரிகளில் நான்கு மட்டும் தங்கள் பதிவுகளைத் தாங்களே சிறிது நேரம் வைத்திருந்து, ‘கிடைத்தது’ என்ற பதில் வந்ததும் அழித்துவிடுபவை. முன்பு கமிட் முடிந்தவுடன் அந்தப் பதிலை அனுப்பினேன். இப்போது அந்த நிமிட வரிசை பதிந்த பிறகே அனுப்புகிறேன். அந்த நான்கு உணரிகளைப் பொறுத்தவரை எழுத்து வேகமும் குறையவில்லை, மின்தடையில் ஒரு பதிவும் போவதில்லை. பதிலைச் சற்றுத் தாமதித்ததே போதுமானதாக இருந்தது.

இதையெல்லாம் செய்தபின் இந்த முறை ‘கில்’ கட்டளையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஏறுவரிசை எண்களை ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொரு கமிட்டும் முடிந்ததும் அந்த எண்ணை வலைப்பின்னல் வழியே இன்னொரு கணினிக்கு அனுப்பும் ஒரு சிறு நிரலை எழுதி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்செருகியைப் பிடுங்கினேன். மறுபடி மின்சாரம் கொடுத்து, கோப்பில் உள்ள கடைசி எண்ணையும் மற்றக் கணினிக்கு வந்து சேர்ந்த கடைசி எண்ணையும் ஒப்பிட்டேன். ஒரு வார இறுதி முழுவதும் இதே வேலை. ‘நார்மல்’ நிலையில் ஒவ்வொரு முறையும் கோப்பு நலமாகத் திறந்தது, கடைசி எண்கள் சில இல்லை. ‘ஃபுல்’ நிலையில் எண்கள் ஒத்துப்போயின, கையிருப்பில் இருந்த மூன்று அட்டைகளில் ஒன்றைத் தவிர. அந்த ஓர் அட்டை, எஃப்சிங்க்குக்கு ‘ஆயிற்று’ என்று பதில் சொன்ன பிறகும் சில எண்களைத் தொலைத்தது. மற்ற இரண்டைவிட அது வேகமானதாகத் தெரிந்ததால்தான் முதலில் கருவிக்கென்று அதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். இப்போது அது என் மேசை இழுப்பறையில், ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் படங்களைக் கொண்டுபோக மட்டும் பயன்படுகிறது.